மாற்றிவைத்த கார்ப்பரேட்டர்

அவனைப் பழிவாங்கினேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்காகவா என்று கேட்பவர்கள் முழுக்கதையும் தெரியாதவர்கள்.

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் எனக்குப் பெயிண்ட் கடை. கடை வாசலில் நிற்கும் என் வண்டி முந்நூற்றைம்பது சிசி, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், பக்கத்துக்கு ஒரு சைலன்சர். அதைச் செய்த தொழிற்சாலையை மூடிப் பல காலமாகிவிட்டது. நான் வாங்கும்போது சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸின் பின்கட்டில் கிடந்தது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. டேங்கில் துருத்தண்ணீர். மினி லாரியில் ஏற்றிவந்து வீட்டு வாசலில் இறக்கியபோது என் மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"பழைய இரும்புக்கு ஆக்கர் கடைக்குப் போறத இங்க எறக்கிட்டீகளா?"

அதை ஓட வைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கடை அடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதன் பக்கத்தில் குந்தியே கழிந்தன. முதலில் கிளட்ச், பிறகு வயரிங், பிறகு டேங்கின் துரு. ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது தன் முறைக்குக் காத்திருந்ததுபோலக் கெட்டுப்போகும். கடைசியில் ஒருநாள் கிக்கரை மிதித்ததும் இரண்டு சைலன்சரும் சேர்ந்து சத்தம் போட்டு, தெரு முழுக்க நீலப்புகை பரவியது. எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். நான் அன்று இருந்த சந்தோஷத்தில் யார் திட்டினாலும் கும்பிட்டிருப்பேன்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவன் வந்தான். அருப்புக்கோட்டையில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருப்பவன். இங்கே மண்டிக்காரன் என்றே சொல்கிறேன், அவன் பெயரை எழுத எனக்கு மனமில்லை. அப்போது அவனிடம் ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி இருந்தது. அதுவும் முந்நூற்றைம்பதுதான், என் வண்டியின் வயதுதான். இரண்டு பேருமாக வாரக்கடைசியில் பந்தல்குடி வரை போவோம். தூத்துக்குடி ரோட்டோர டீக்கடையில் வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எது நல்ல வண்டி என்று சண்டை போடுவோம். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிக்காரர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கட்சி சேர்ந்துகொள்வார்கள்.

சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அவன் வண்டி நிதானமாக அடித்து நடக்கும். மூட்டை ஏற்றினாலும் முனகாது. ஆயில் மாற்ற மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். கெட்டுப்போனாலும் முன்கூட்டியே கடகடவென்று சொல்லிவிட்டுத்தான் கெட்டுப்போகும். என் வண்டி அப்படியில்லை. கையை முறுக்கினால் குதித்துப் போகும், அவன் வண்டி கண்ணாடியில் புள்ளியாகிவிடும். ஆனால் அசட்டையைப் பொறுக்காது. அதில் பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு. பெட்ரோல் அளவாக இறங்கவில்லை என்றால் ஆயிலும் இறங்காது. வறண்ட பிஸ்டன் சூடேறி வீங்கிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஓடுகிற வண்டி ஓடுகிற வேகத்திலேயே பூட்டிக்கொள்ளும். அந்த அளவைப் பார்த்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்புவது கார்ப்பரேட்டர். அதனால் மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் கார்ப்பரேட்டரில் நான் பிடித்ததில்லை. கோவில்பட்டியில் ஒரு பழைய கடையின் பரணில், எண்ணெய்த் தாளைக்கூடப் பிரிக்காமல் கிடந்த ஒன்றை வாங்கி மாட்டியிருந்தேன்.

ஒவ்வொரு வாரமும் என் பின்னால் புகை குடித்து அலுத்துப்போன மண்டிக்காரன், திருநெல்வேலிப் பக்கம் அலைந்து என்னுடையதைப் போலவே ஒரு வண்டியைப் பிடித்துவிட்டான். அதே மாடல், அதே கறுப்பு. எனக்குப் பொறாமை இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. பிரித்து மாட்ட நானே உதவினேன். ஆனால் அவன் வண்டி நீண்ட ஓட்டத்தைத் தாங்கவில்லை. பந்தல்குடி தாண்டினால் சூடேறித் திணறும்.

"மாப்ள, ஒன் கார்ப்பரேட்டரக் குடுத்துரு. ஞாயித்துக்கெழம போக நீ டவுனுக்குள்ளதான சுத்துற" என்றான் ஒருநாள்.

"ஏலே, பொண்டாட்டியக் கேட்டாக்கூட யோசிப்பேன், அதக் கேக்காத" என்றேன்.

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அடுத்த மாசி மாதம் அவன் அக்கா மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் காருக்கு முன்னால் ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் போனால் எப்படி இருக்கும் என்று ஆசைப்பட்டு, என் வண்டியைக் கேட்டான். நானே கொண்டுபோய் விட்டேன். கல்யாணம் முடிந்து திருப்பிக் கொடுத்தபோது வண்டி பளபளவென்று இருந்தது. சக்கரக் கம்பி ஒவ்வொன்றையும் துடைத்திருந்தான். டேங்க் நிறையப் பெட்ரோலும் இருந்தது. இரவல் வாங்கிப்போனதை வாங்கியபோது இருந்ததைவிட நல்லபடியாகத் திருப்பித் தரும் மனிதன் என்று வீட்டில் அவனைப் புகழ்ந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு வண்டியை நீட்டி ஓட்ட நேரமில்லை, பந்தல்குடிக்கும் போகவில்லை. பங்குனிப் பொங்கலுக்கு ஊரே வெள்ளையடிக்கும் காலம். கடையில் நிற்க இடமிருக்காது. வீட்டுக்கும் கடைக்குமாக வண்டி மெதுவாகப் போய் வந்தது. ஒரு குறையும் தெரியவில்லை.

என் அம்மா அப்போது பரளச்சியில் அக்கா வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தாள். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கைவிரித்திருந்தார்கள். நானும் என் மனைவியும் பஸ்ஸில் போய்ப் பார்த்து வருவோம். என் வண்டியில் நான் வருவதுதான் அக்காவுக்குப் பிடிக்காது. பார்க்கும்போதெல்லாம், "அந்த ஓட்ட வண்டிய நம்பி எங்கிட்டும் போகாதடா, நடுரோட்டுல விட்டுரும்" என்பாள்.

ஒருநாள் உச்சிவெயிலில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஒன்னயத்தான் கேக்குது. ஒடனே வா."

பரளச்சிப் பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் கையை முறுக்கினேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அதைவிட்டால் அறுப்பு முடிந்து வெடித்துக்கிடக்கும் கரிசல். ரோட்டில் ஆளில்லை. இஞ்சின் சத்தம் மெலிந்துகொண்டே போனதை நான் கவனித்திருக்கலாம். என் காதில் அக்காவின் குரல்தான் இருந்தது. திடீரென்று பின்சக்கரம் கிறீச்சென்று பூட்டிக்கொண்டது. வண்டி குறுக்கே இழுத்து, என்னையும் இழுத்துக்கொண்டு ரோட்டோரச் சரளையில் போய் விழுந்தது. எழுந்தபோது முழங்கை தோலுரிந்திருந்தது. கிக்கரில் ஏறி நின்றேன். அது கல்லில் ஊன்றியதுபோல அசையவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வண்டி நின்னுபோச்சுக்கா. பாதி தூரத்துல நிக்கிறேன்."



"பஸ்ஸுல வாடான்னு எத்தன தடவ சொன்னேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

நடந்தேன். ஓடினேன். மறுபடி நடந்தேன். கடைசியில் கரிமூட்டை ஏற்றப் போன ஒரு காலி வேன் என்னை ஏற்றிக்கொண்டது. அக்கா வீட்டுத் தெருமுனையில் இறங்கும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. உள்ளே போனேன். அம்மாவின் கால் சூடாக இருந்தது. கண்ணை மூடிவிட்டிருந்தார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்க, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அவனுக்கு அந்த ஓட்ட வண்டிதான் பெருசு. பெத்தவளா பெருசு."

வண்டி நின்றது உண்மை. நான் வந்து சேராததும் உண்மை.

மண்டிக்காரன் துட்டி கேட்க வந்தான். பெரிய மாலையோடு வந்தான். என் மச்சானின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். என் தோளைத் தட்டி, "எல்லாம் நம்ம கையிலயா இருக்கு மாப்ள" என்றான்.

காரியம் முடிந்து ஊருக்கு வந்த பிறகுதான் வண்டியைப் பிரித்தேன். வலதுபக்கப் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது. சுவர் முழுக்க கோடு கோடாகக் கீறல். ஆயில் இறங்கவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஏன் இறங்கவில்லை என்று பார்க்கக் கார்ப்பரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். கழுவக் கழுவ அதன் மேலிருந்த வெள்ளிப் பெயிண்ட் கரைந்தது. நான் என் கார்ப்பரேட்டருக்குப் பெயிண்ட் அடித்ததே இல்லை. இஞ்சினோடு சேரும் விளிம்பில் மயிரிழைபோல ஒரு விரிசல், அதற்குள் பசை வைத்து அடைத்திருந்தது. மெதுவாக ஓட்டினால் தாங்கும். வேகமாக ஓட்டிச் சூடேறினால் பசை இளகி, விரிசல் வழியே வெறும் காற்றை இழுக்கும். பெட்ரோலும் ஆயிலும் குறைந்துபோகும்.

என் கார்ப்பரேட்டரின் மூடியில் ஒரு ஸ்க்ரூ மட்டும் வேறு. பழையது தலை தேய்ந்துபோனதால், ஆறுபட்டைக் குழி உள்ள ஸ்க்ரூ ஒன்றை நானே போட்டிருந்தேன். மறுநாள் காலையில் மண்டிக்குப் போனேன். அவன் உள்ளே எடை போட்டுக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற அவன் வண்டியின் பக்கத்தில் குனிந்தேன். மூடியில் மூன்று ஸ்க்ரூ சாதாரணம். நான்காவதில் ஆறுபட்டைக் குழி.

வற்றல் நெடியில் எனக்குக் கண் எரிந்தது. உள்ளே போனேன்.

"ஏலே, கல்யாணத்தப்ப என் வண்டில கார்ப்பரேட்டர யாரும் கழட்டுனாங்களா?"

அவன் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாட்டர் வாஷ் பண்ணச் சொன்னேன். அம்புட்டுத்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

"டூ ஸ்ட்ரோக்க ஓட்டத் தெரியணும் மாப்ள" என்றான், மூட்டை தூக்குபவர்களுக்கும் கேட்கும்படி. "ஆயில ஒழுங்கா ஊத்தாம முறுக்குனா வண்டி என்ன பண்ணும்? ஒன் மேலதான் தப்பு."

அந்த இடத்தில் அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் என்ன ஆகும்? ஊரில் ஆயிரம் ஆறுபட்டை ஸ்க்ரூ இருக்கிறது என்பான். அம்மா செத்த துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று மற்றவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். எந்த வண்டிக்காக அவன் என்னிடம் திருடினானோ, அந்த வண்டி அவன் கண்ணெதிரே சாக வேண்டும். நான் அதன்மேல் ஒரு விரலும் வைக்கக் கூடாது.

தொழிற்சாலை மூடிய வண்டிக்கு உயிர் என்பது மிச்சமிருக்கும் பாகங்கள்தான். கோவில்பட்டியில் ஒரு கடை, சிவகாசியில் ஒரு கடை, விருதுநகரில் வீட்டோடு வைத்திருக்கும் ஒரு பெரியவர், மதுரையில் பழைய சாமான் தெருவில் நாலைந்து பேர். எங்கள் பக்கத்தில் அவ்வளவுதான். ஒவ்வொரு இடமாகப் போனேன். பிஸ்டன், ரிங், கிராங்க் சீல், கிளட்ச் பிளேட், கிக்கர் பல்சக்கரம் என்று அந்த மாடலுக்கு இருப்பதையெல்லாம் எடுத்துவைக்கச் சொன்னேன். "ஒரு வண்டிக்கு இம்புட்டு எதுக்குண்ணே?" என்று சிவகாசிக்காரர் கேட்டார். "ஆசைதான்" என்றேன். இனி எது வந்தாலும் முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்று எல்லாரிடமும் நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடையின் பின்னறையில் பிரைமர் டின்கள் இருந்த தட்டுகளைக் காலி செய்து அந்தப் பாகங்களை அடுக்கினேன். என் மனைவி ஒருநாள் வந்து பார்த்தாள்.

"புள்ளைக்குக்கூட இப்பிடி அடுக்கி வைக்கலையே. என்னங்க இது?"

அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "அங்கன தூசி விழுகும், துணி போட்டு மூடுங்க" என்று சொல்லிவிட்டு, பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

என் வண்டியை நான் மறுபடி கட்டினேன். சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டு, மதுரையில் கிடைத்த வேறொரு கார்ப்பரேட்டரை மாட்டினேன். மண்டிக்காரனோடு பேசுவதையும் நிறுத்தவில்லை. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். அது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். பழகிவிட்டது.

முதலில் அவன் வண்டியில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கோவில்பட்டிக்குப் போனான், பிளேட் இல்லை. மதுரைக்குப் போனான், நேற்றுத்தான் ஒருத்தர் வாங்கிப்போனார் என்றார்கள். டீக்கடையில் வந்து என்னிடமே புலம்பினான். நான் உச்சுக்கொட்டினேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் ரிங் செட் வேண்டும் என்று போடுவான். நாகர்கோவிலிலிருந்தோ சேலத்திலிருந்தோ யாராவது இருக்கிறது என்று பதில் போடுவார்கள். அவன் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட விலையைக் கொடுத்துவிடுவேன். பிறகு குரூப்புக்குப் போய் அவன் கேள்விக்குக் கீழே ஒரு அழுகிற மூஞ்சியைப் போடுவேன். அந்த நாட்களில் எனக்கு ராத்தூக்கம் நன்றாக வந்தது.

அவன் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டான். வேறு மாடல் ரிங்கைத் தேய்த்துப் போட்டான். தேய்த்த ரிங் உள்ளே உடைந்து இரண்டு சிலிண்டரையும் சுரண்டிவிட்டது. அதோடு வண்டி படுத்தது. மண்டி வாசலில் ஓரமாக நிறுத்திச் சாக்கைப் போட்டு மூடினான். சுமை தூக்குபவர்கள் அதன்மேல் துண்டைக் காயப்போட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தல்குடிக்கு அவன் பழைய ஃபோர் ஸ்ட்ரோக்கில் வந்தான். லாரிக்காரர்கள் விடவில்லை.

"என்ன முதலாளி, ரெட்டச் சைலன்சரு எங்க? மொளகா காயப்போட்டிருக்கா?"

அவன் முகம் சுருங்கியதை நான் டீ கிளாஸுக்கு மேலாகப் பார்த்தேன். நான் கிளம்பும்போது வேண்டுமென்றே இரண்டு முறை முறுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஆனால் அக்கா மாறவில்லை. அம்மாவின் வருஷத் திதிக்கு மச்சான்தான் போன் போட்டார். போனபோது அக்கா இலையில் பரிமாறினாள், வாய் திறக்கவில்லை. அம்மா படத்துக்கு முன்னால் நான் விழுந்து எழுந்தபோது அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இதைச் சரிசெய்ய என் பின்னறைத் தட்டுகளில் பாகம் இல்லை.

கடைசியில் கோவில்பட்டிக் கடைக்காரர் வாய்தவறி அவனிடம் என்னைச் சொல்லிவிட்டார். மறுநாளே மண்டிக்காரன் என் கடைக்கு வந்தான். கடையில் இருந்த ஆட்கள் போகும்வரை வாசலில் நின்றான். பிறகு உள்ளே வந்து மேஜைமேல் கையை ஊன்றினான்.

"எல்லாத்தையும் நீதான் வாங்கிப் போட்டிருக்கியாமே?"

"ஆமா."

"எதுக்குலே? ஒனக்கு நான் என்ன பண்ணேன்?"

நான் எழுந்துபோய் வெள்ளிப் பெயிண்ட் பூசியிருந்த அந்தக் கார்ப்பரேட்டரை எடுத்துவந்து அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். விரிசலை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். பார்த்ததும் அவன் கை மேஜையிலிருந்து கீழே இறங்கியது.

"என்னையத்தான் கேக்குதுன்னு போன் வந்துச்சு. இதுலதான் போனேன்" என்றேன்.

விரிசலைப் பார்த்தபடியே, "நீ டவுனுக்குள்ளதான ஓட்டுறன்னு நெனச்சேன்" என்றான்.

"பிஸ்டன், ரிங்கு, எல்லாம் தாரேன். நான் கேக்கிறது ஒண்ணுதான். பரளச்சிக்கு வா. எங்க அக்காகிட்ட ஒன் வாயால சொல்லு."

"பொம்பளைங்க முன்னாடி போயி... அது முடியாது மாப்ள."

"அப்ப சாக்கப் போட்டு நல்லா மூடி வையி. மழ வரப்போகுது."

கோபமாகப் போய்விட்டான். வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் குரூப்பில் எல்லா ஊர்க்காரர்களும் சேர்ந்து அருப்புக்கோட்டைக்கு வருவதாக ஒரு ஏற்பாடு நடந்தது. முன்னால் போய் வழிகாட்டுகிறேன் என்று, வண்டி ஓடிய காலத்தில் வாக்குக் கொடுத்தவன் அவன். அந்த நாள் நெருங்க நெருங்க எல்லாரும் அவன் வண்டியின் போட்டோ கேட்டார்கள். ஒரு காலையில் கையில் மஞ்சப்பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பைக்குள் என் கார்ப்பரேட்டர்.

"வா, போலாம்" என்றான்.

அவனை என் வண்டியின் பின்னால் உட்கார வைத்துத்தான் கூட்டிப்போனேன். ஊர் எல்லை தாண்டியதும் அன்றைக்குப் போன வேகத்திலேயே போனேன். அவன் ஒரு கையால் பையையும் ஒரு கையால் சீட்டுக் கம்பியையும் பிடித்துக்கொண்டிருந்தான். மெதுவாகப் போகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நான் விழுந்த இடம் வந்தபோது நிறுத்தாமல், "இங்கனதான்" என்று மட்டும் கத்தினேன்.

அக்கா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல, "அவுக தோட்டத்துக்குப் போயிருக்காக" என்று சுளகைப் பார்த்துச் சொன்னாள்.

"மச்சானப் பாக்க வரல. இவன் ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அவன் நின்றபடியே சொன்னான். முதலில் சுற்றி வளைத்தான். கல்யாணம், அழைப்பு, ஆசை என்று என்னென்னவோ சொன்னான். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எனக்கு வண்டி தெரியாது. என்ன பண்ணேன்னு சொல்லு" என்றாள்.

"இவன் வண்டில இருந்த நல்ல சாமான நான் எடுத்துக்கிட்டேங்க்கா. என்னோட ஒடஞ்ச சாமானப் பசை வச்சு ஒட்டி, இவன் வண்டில மாட்டிட்டேன். அதுனாலதான் அன்னைக்கு நடுவழில நின்னுச்சு."

சுளகு நின்றது.

"ஒடஞ்சதுன்னு தெரிஞ்சா மாட்டுன?"

"தெரிஞ்சுதான்க்கா."

"துட்டிக்கு வந்து அவுக கையப் புடிச்சு அழுதியே. அப்பவும் ஒனக்குத் தெரியும்."

அவன் மஞ்சப்பையைக் கை மாற்றிப் பிடித்தான்.

"என் தம்பியோட நான் பேசி இம்புட்டு நாளாச்சு" என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு என் வாசல்ல நிக்கிற? அங்கிட்டுப் போ."

அவன் தெருவில் என் வண்டியின் பக்கத்தில் போய் நின்றான். நிழல் இல்லாத இடம். அக்கா எழுந்து முந்தானையை உதறினாள்.

"உள்ள வா. சாப்பிட்டுப் போ."

அம்மா போன பிறகு அவள் என் முகம் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அது. சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். நான் சாப்பிடச் சாப்பிட எதிரே உட்கார்ந்து, அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னாள்.

"ஒனக்குத் தெரியாதுடா. அன்னைக்கு ரோட்டுல எந்த வண்டி போனாலும் அம்மா தலையத் தூக்குச்சு. 'அவன் சத்தம் இல்ல'ன்னு சொல்லிட்டு மறுபடி சாஞ்சுரும். மூணு நாலு வண்டி போச்சு. கடசியா தூக்குனப்ப சொல்ல முடியல, கையத்தான் ஆட்டுச்சு."

நான் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அக்கா தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்து, அக்கா மறுசோறு போட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. மோரும் ஊற்றிச் சாப்பிட்டேன். மெதுவாகத்தான் சாப்பிட்டேன்.

வரும்போது சொன்ன சொல்லைக் காப்பாற்றும் எண்ணத்தில்தான் இருந்தேன். அத்தனை பாகமும் கொடுத்துவிட்டு இதோடு விட்டுவிடலாம் என்று நிஜமாகவே நினைத்திருந்தேன். அந்தக் கையாட்டலைக் கேட்ட பிறகு முடியவில்லை.

அன்று மாலை பின்னறைக்குப் போய் ஒரு அட்டைப்பெட்டியில் சாமான்களைக் கட்டி மண்டிக்கு அனுப்பினேன். கிளட்ச் பிளேட் வைத்தேன். என் வண்டியிலிருந்து கழற்றிய மதுரைக் கார்ப்பரேட்டரை வைத்தேன். கிராங்க் சீல் வைத்தேன். புதுப் பிஸ்டன் ஒன்று, அதற்கு ரிங் செட் ஒன்று வைத்தேன். அவன் வண்டிக்கு இரண்டு சிலிண்டர்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"மாப்ள, ஒரு பக்கத்துக்குத்தான் இருக்கு. இன்னொரு பிஸ்டன விட்டுட்ட."

"விடல."

"சொன்னியேலே, எல்லாம் தாரேன்னு. நான் வந்து சொல்லிட்டேன்ல?"

"சொல்லிட்ட. அதுக்குத்தான் அது. மத்தது வராது."

அவன் திட்டினான். திட்டட்டும் என்று முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

குரூப்புக்காரர்கள் அருப்புக்கோட்டைக்கு வந்த அன்று முன்னால் போனது நான். என் வண்டியில், கோவில்பட்டிப் பரணிலிருந்து வந்த என் சொந்தக் கார்ப்பரேட்டரோடு. அவன் உடம்பு சரியில்லை என்று சொல்லி வரவில்லை. சில மாதங்கள் கழித்து, படுத்துக்கிடந்த அந்த வண்டியை ராஜபாளையத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டான். அவர் குரூப்பில் பிஸ்டன் வேண்டும் என்று கேட்ட அன்றைக்கே நான் அவருக்கு அனுப்பிவைத்தேன். மற்ற சாமான்களையும் வாங்கின விலைக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவருகிறேன். ராஜபாளையத்து வண்டி நன்றாக ஓடுவதாகச் சொல்கிறார்கள். வண்டிமேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

அக்கா இப்போது தினமும் சாயங்காலம் போன் போடுகிறாள். பெரும்பாலும் மச்சானைப் பற்றிய குறைதான். "போனாப் போகுது, அவன மன்னிச்சு விட்ருடா" என்று அவளே ஒருமுறை சொன்னாள். சரிக்கா என்றேன்.

மண்டிக்காரனைப் பந்தல்குடி டீக்கடையில் இன்றும் பார்க்கிறேன். அவன் அந்தக் கோடி பெஞ்சில் உட்காருவான், நான் இந்தக் கோடியில். போன மாதம் அவன் ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு தேய்ந்து டக்டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. அதற்கான சாமான் மதுரையில் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.